7200 சுழற்சி ஹார்ட் டிஸ்க் மாற்றியதும் லேப்டாப் அதிர்கிறது, கை வைக்கும் இடம் வரை தெரிகிறது

#1 குடியாத்தம்_ஸ்டூடியோ

எல்லாருக்கும் வணக்கம். 15.6 இன்ச் லேப்டாப், டிவிடி டிரைவ் உள்ளது, ஹார்ட் டிஸ்குக்கு ஒரே இடம். பழைய டிஸ்க் 500 ஜிபி, நிமிடத்துக்கு 5400 சுழற்சி, 7 மி.மீ. தடிமன். இப்போது இருப்பது 1 டிபி, 7200 சுழற்சி, 9.5 மி.மீ. தடிமன். வேலை கல்யாண வீடியோ எடிட்டிங். ஃபைல் எல்லாம் பெரிசு, அதனால் இடமும் வேணும், வேகமும் வேணும்.

வேகம் கூடியது உண்மை. ஆனால் இடது கை வைக்கும் இடத்தில் விடாமல் ஒரு நடுக்கம். மேஜை மேல் வைத்தால் "ம்ம்ம்" என்று இரைச்சல், அதுவும் நாலைந்து நொடிக்கு ஒரு தரம் ஏறி இறங்குகிறது. வேலை எதுவும் ஓடாதபோது அவ்வப்போது "டிக்" என்று ஒரு சத்தம்.

டிஸ்க் கெட்டதா, இல்லை 7200 என்றாலே இப்படித்தானா? ஸ்க்ரூவை இன்னும் இறுக்கிப் பார்க்கலாமா?

#2 காட்பாடி_பெஞ்ச்

ஸ்க்ரூவை இறுக்காதீங்க. முதல்ல நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

லேப்டாப் ஓடிக்கிட்டு இருக்கும்போதே மேஜையிலிருந்து ரெண்டு கையாலும் மெதுவா, சமமா, ஒரு விரல் உயரம் தூக்குங்க. "ம்ம்ம்" குறைஞ்சா சத்தம் போடுறது மேஜை. டிஸ்க் தர்ற அதிர்வு மேஜைப் பலகையில ஏறிப் பெரிசாகுது. பிளைவுட் மேஜை, உள்ளே காலியா இருக்கிற ஸ்டீல் மேஜை ரெண்டிலும் இது அதிகம். கடப்பாக்கல் மேல வைச்சா பாதி போயிடும்.

அடியில் இருக்கிற ரப்பர் கால் நாலும் இருக்கான்னு பாருங்க. ஒண்ணு விழுந்திருந்தாக்கூட லேப்டாப் மூணு காலில் நின்னு தாளம் போடும்.

டிஸ்க் மேல வர்ற அடிமூடி சமமா உட்கார்ந்திருக்கா, நடுவுல லேசா புடைச்சிருக்கான்னு ஸ்கேல் வைச்சுப் பாருங்க. 7 எடுத்துட்டு 9.5 போட்டீங்கன்னா எனக்கு முதல் சந்தேகம் அங்கதான்.

கடைசியா, டிஸ்கோட நிலையைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு 5, 9, 193, 194, 197, 199 இந்த வரிகளோட மதிப்பை எழுதுங்க (5, 197 கெட்டுப்போன இடம், 9 ஓடின மணி நேரம், 194 சூடு). அந்த சாஃப்ட்வேர் மூல மதிப்பைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் காட்டும். அமைப்புக்குள் போய் பதின்ம எண்ணுக்கு மாத்திட்டுப் படிங்க. இல்லைன்னா 20 ஆயிரம்னு இருக்கிறது 4ஈ20-ன்னு தெரிஞ்சு குழப்பும்.

#3 பாலாறு_மெக்கானிக்கல்

"7200 என்றாலே இப்படித்தானா" என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

5400 சுழற்சி என்பது நொடிக்கு 90 சுற்று. 7200 என்பது 120 சுற்று. டிஸ்குக்குள் சுழலும் எந்தத் தட்டும் நூறு சதம் சமநிலையில் இருக்காது; எடை மையம் அச்சிலிருந்து மயிரிழை விலகியிருக்கும். அந்தப் பிசகு தரும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 120-ஐ 90-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.78. ஆக, அதே அளவு பிசகு உள்ள தட்டு 7200-ல் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு விசையோடு சட்டத்தை உலுக்கும். இது குறை அல்ல, கணக்கு.

இரண்டாவது, 120 ஹெர்ட்ஸை நம் காது 90 ஹெர்ட்ஸைவிட நன்றாகக் கேட்கும். ஒரே அளவு அதிர்வு இருந்தாலும் 7200 உரக்கத் தோன்றும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது, தட்டுகளின் எண்ணிக்கை. ஒரே தட்டு உள்ள டிஸ்கில் சுழலும் எடை குறைவு. 7 மி.மீ. 7200-க்கு நல்ல உதாரணம் ஹிட்டாச்சி டிராவல்ஸ்டார் இசட்7கே500. ஒரு தட்டு, 500 ஜிபி. அதே நிறுவனத்தின் 7கே1000 என்ற 1 டிபி மாடலில் இரண்டு தட்டு, 9.5 மி.மீ. உங்களுடையதும் அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். ஒரு தட்டு 5400-லிருந்து இரண்டு தட்டு 7200-க்குப் போனவர் மாற்றத்தை உணராமல் இருக்க முடியாது.

ஆனால் கை வைக்கும் இடம் வரை நடுக்கம் வருவது டிஸ்கின் குணம் மட்டுமல்ல. டிஸ்கை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது.

#4 சத்துவாச்சாரி_எஸ்எஸ்டி

இவ்வளவு கணக்கு எதுக்குங்க? சுத்துற தட்டே இல்லாத எஸ்எஸ்டி போட்டா சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. 7200 டிஸ்கில் தட்டு சுத்தி வர்ற சராசரிக் காத்திருப்பு 4.17 மில்லிநொடி, 5400-ல் 5.56. அந்த ஒண்ணரை மில்லிநொடி கூட இல்லாத லாபத்துக்கு இத்தனை தலைவலி. எஸ்எஸ்டியில் மொத்த அணுகு நேரமே 0.1 மில்லிநொடிப் பக்கம்.

#5 காட்பாடி_பெஞ்ச்

விண்டோஸ் ஓட்டுறதுக்கு எஸ்எஸ்டிதான், அதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனா இவருக்கு வேணும்கிறது நூத்துக்கணக்கான ஜிபி ஃபைல் வரிசையாப் படிக்க, எழுத. அதுக்கு 7200 ஓரளவு போதும், டிஸ்கும் கையில் இருக்கு. டிவிடி இடத்துல எஸ்எஸ்டி சேர்க்கிறது பத்திப் பிறகு பேசலாம். இப்போ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுவோம்.

ஒரு விஷயம் மட்டும். ரேம் 4 ஜிபிக்குள்ள இருந்தா அதை முதல்ல கூட்டுங்க. ரேம் பத்தாத லேப்டாப்பில் விண்டோஸ் ஓயாம டிஸ்கில் எழுதி எழுதிப் படிக்கும், தட்டுலேர்ந்து படிக்கிற ஹெட் ஒரு நொடி நிக்காது. "கரகர"ன்னு கேக்கிற சத்தத்துல பாதி அதுதான். டிஸ்கைத் தொடாமலே சத்தம் குறைக்கிற வழி இது.

#6 குடியாத்தம்_ஸ்டூடியோ

நன்றி அண்ணா. பார்த்துவிட்டேன்.

தூக்கினால் இரைச்சல் நன்றாகக் குறைகிறது, ஆனால் கையில் நடுக்கம் அப்படியே இருக்கிறது. பின்பக்க வலது ரப்பர் கால் இல்லை. அடிமூடி நடுவில் லேசாகப் புடைத்திருக்கிறது, ஸ்கேல் வைத்தால் ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறது. மூடியின் உள்பக்கத்தில் கறுப்பு ஃபோம் துண்டு ஒட்டியிருந்தது, அதை எடுக்கவில்லை.

5: 0. 9: 61. 193: 4,870. 194: 51. 197: 0. 199: 0. ரேம் 8 ஜிபி.

#7 காட்பாடி_பெஞ்ச்

கிடைச்சிடுச்சு. அந்த ஃபோம் 7 மி.மீ. டிஸ்குக்காக வைச்சது. பழைய டிஸ்குக்கும் மூடிக்கும் நடுவுல இருந்த 2.5 மி.மீ. இடைவெளியை நிரப்பத்தான் அது. நீங்க அந்த இடைவெளி முழுசையும் புது டிஸ்கால நிரப்பிட்டு, ஃபோமையும் விட்டுட்டீங்க. இப்போ மூடி டிஸ்கை நசுக்கிப் பிடிச்சிருக்கு. டிஸ்க் அதிர்ந்தா மூடி அதிரும், மூடி அதிர்ந்தா மொத்த உடம்பும் அதிரும்.

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. ஃபோம் டிஸ்கோட மேல்மூடி நடுவுல அழுத்தினா, தட்டு சுத்துற அச்சான ஸ்பிண்டில் இருக்கிற இடத்துல அழுத்துது. மேல்மூடி மெல்லிசு. அங்க விழுற அழுத்தம் ஸ்பிண்டிலுக்குப் போகக் கூடாது. லேபிள் பக்கம் நடுவுல எப்பவும் எதையும் அழுத்தி வைக்காதீங்க.

செய்ய வேண்டியது: லேப்டாப்பை ஷட்டவுன் பண்ணுங்க, ஸ்லீப் கூடாது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழட்டுங்க. உள்ளே பதிச்ச பேட்டரின்னா அதோட கனெக்டரை எடுங்க. பவர் பட்டனை ஒரு பதினைஞ்சு நொடி அழுத்திப் பிடிங்க, மிச்ச மின்சாரம் இறங்கிடும். மூடியைத் திறந்து, டிஸ்கை மேல தூக்காம கனெக்டர்லேர்ந்து பின்னால இழுத்து உருவுங்க. பிளாஸ்டிக் நாக்கு இருந்தா அதைப் பிடிச்சு இழுங்க. அவசரத்துல நிமிர்த்தித் தூக்கினா சாக்கெட்டோட நாக்கு உடையும். அது உடைஞ்சா போர்டு வேலை.

மூடியில் ஒட்டின ஃபோமை முழுசா எடுத்துடுங்க. பசை மிச்சமிருந்தா ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைங்க. தின்னர் வேணாம், பிளாஸ்டிக்கைக் கரைச்சிடும்.

டிஸ்க் ஃபிரேமோட ஸ்க்ரூ எம்3, நீளம் 3 மி.மீ. டெஸ்க்டாப் பெட்டியில கிடக்கிற 5, 6 மி.மீ. ஸ்க்ரூவைப் போட்டா உள்ளே இடிச்சு நின்னுடும். இறுகின மாதிரி தெரியும், ஆனா ஃபிரேம் ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டம்தான் "ஜ்ர்ர்ர்"ன்னு கேக்கும். நாலு ஸ்க்ரூவையும் முதல்ல கையால நிக்கிற வரை திருப்பிட்டு, அப்புறம் குறுக்குக் குறுக்கா, ஒவ்வொண்ணையும் கால் சுத்து மட்டும். ஒரு பக்கத்தை முழுசா இறுக்கிட்டு அடுத்த பக்கம் போனா தகரம் முறுக்கிக்கும்.

மூடியைத் திரும்ப வைக்கும்போது கையால அழுத்தாம தன் எடையில் உட்காரணும். உட்காரலைன்னா இன்னும் ஏதோ இடிக்குதுன்னு அர்த்தம். ஸ்க்ரூ போட்டு இழுத்து மூடாதீங்க.

ரப்பர் கால் வேலூர் லாங் பஜார் ஹார்டுவேர் கடையில் ஒட்டுற மாதிரியே கிடைக்கும். மத்த மூணோட உயரத்தை அளந்துட்டுப் போங்க, அரை மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் ஆடும். நாலையும் ஒரே மாதிரி மாத்திட்டா நல்லது.

#8 வாணியம்பாடி_சோல்

ஸ்டூடியோ தம்பி, ஃபோமை எடுத்த பிறகும் நடுக்கம் மிச்சம் இருந்தா ஃபிரேமுக்கும் உடம்புக்கும் நடுவுல மெத்து குடுக்கலாம். நம்ம பக்கத்துல அதுக்குப் பஞ்சமே இல்லை. ஆம்பூர்லயும் வாணியம்பாடியிலயும் ஷூ மெட்டீரியல் கடைக்குப் போனா இவிஏ ஷீட், பியூ ஃபோம், லேட்டக்ஸ் எல்லாம் 1 மி.மீ.லேர்ந்து கிடைக்கும். வெட்டுத் துண்டு கேட்டாலே போதும், உள்ளங்கை அளவு துண்டுல நாலு லேப்டாப்புக்கு ஆகும்.

எதை வாங்குறதுன்னு சொல்றேன். இவிஏ வேணாம். பார்க்க மெத்துன்னு இருக்கும், ஆனா சூட்டுல அழுத்தம் பட்டா அமுங்கி, திரும்ப எழாது. லேப்டாப் உள்ளே 50 டிகிரியில் கொஞ்ச நாள்ல அப்பளமாயிடும், அப்புறம் இடைவெளி விழுந்து டிஸ்க் ஆடும். பியூ ஃபோம் பரவாயில்லை, எழுந்து வரும். எல்லாத்தையும் விட சிலிகான் ஷீட் நல்லது. ரப்பரோட கெட்டித்தன்மையைச் சொல்ற ஷோர் ஏ அளவு 30-லேர்ந்து 40-க்குள்ள கேளுங்க, கடைக்காரருக்குப் புரியும். அதுக்கு மேல போனா செருப்பு அடி மாதிரி கல்லா இருக்கும்.

எதுவும் கிடைக்கலைன்னா சைக்கிள் டியூப். பியூட்டைல் ரப்பர், அதிர்வைத் தின்கிறதுல அது கெட்டிக்காரத்தனமான ரப்பர். பஞ்சர் கடையில பழசு வாங்கி, சோப்பு போட்டு உள்பக்கப் பவுடரைக் கழுவி, நல்லாக் காயவைச்சு வெட்டுங்க. அந்தப் பவுடர் டிஸ்க் பக்கம் போகக் கூடாது.

#9 பாலாறு_மெக்கானிக்கல்

வாணியம்பாடி நண்பர் சொன்ன பொருள் தேர்வு சரி. ஆனால் ரப்பர் வைத்தாலே அதிர்வு குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். சில நேரம் கூடும். ஏன் என்று சொல்கிறேன்.

டிஸ்கும் அதற்குக் கீழே உள்ள ரப்பரும் சேர்ந்து ஓர் இயல்பதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம்) கொண்டிருக்கும். டிஸ்கின் 120 ஹெர்ட்ஸ் அந்த இயல்பதிர்வெண்ணைப் போல் 1.41 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் அதிர்வைத் தடுக்கும். அதாவது இயல்பதிர்வெண் 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். 40 பக்கம் இருந்தால் மிக நல்லது. 120-க்கு அருகில் இருந்தால் ரப்பரே ஊஞ்சல் தள்ளுவது போல் ஒவ்வொரு சுற்றுக்கும் தள்ளித் தள்ளி அதிர்வை வளர்க்கும்.

40 ஹெர்ட்ஸ் வேண்டுமானால், டிஸ்கைப் படுக்க வைத்ததும் ரப்பர் தன் மேல் விழும் எடைக்கு 0.15 மி.மீ. அமுங்க வேண்டும். டிஸ்கின் எடை நூறு கிராமுக்குச் சற்று மேல்தான். அவ்வளவு குறைந்த எடைக்கு இந்த அளவு அமுங்க, ரப்பர் துண்டு சின்னதாகவும் மெத்தென்றும் இருக்க வேண்டும். உள்ளங்கை அகலத் துண்டைக் கீழே விரித்தால் அது அமுங்கவே அமுங்காது. நாலு மூலையிலும் 5 மி.மீ. சதுரத் துண்டு போதும்.

ஸ்க்ரூ போட்டு ரப்பரை நசுக்கினாலும் அதே கதை. நசுங்கிய ரப்பர் கல்லுக்குச் சமம். "ரப்பர் போட்டேன், சத்தம் அதிகமாகிவிட்டது" என்று சொல்பவர்களில் அநேகம் பேர் செய்திருப்பது இதுதான்.

இன்னொன்று வெப்பம். டிஸ்கின் அலுமினிய உடல், இரும்பு ஃபிரேம், ஸ்க்ரூ வழியாகத்தான் சூடு லேப்டாப் உடம்புக்கு இறங்குகிறது. ரப்பர் அந்த வழியை அடைக்கும். உங்கள் டிஸ்க் ஏற்கெனவே 51 டிகிரி. லேப்டாப் டிஸ்குகளுக்குப் பெரும்பாலும் 60 டிகிரி வரைதான் வரம்பு. வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் அறை வெப்பமே 40-ஐத் தொடும்போது மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஆகவே டிஸ்கைச் சுற்றி ஃபோம் போர்த்தவே கூடாது. மூலையில் மட்டும் ரப்பர், நடுவெல்லாம் காற்று. மே மாதப் பகலில் 55 தாண்டினால் ரெண்டரிங்கை நிறுத்திவிட்டு ராத்திரிக்கு ஒத்திப்போடுங்கள்.

"இந்தத் துளையை மூடாதே" என்று டிஸ்கிலேயே எழுதியிருக்கும் சின்னத் துளை, உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாக இருக்க விட்டது. ரப்பரோ டேப்போ அதன் மேல் வரக் கூடாது. பச்சைப் போர்டு இருக்கும் பக்கம் அலுமினிய டேப்பை அண்டவே விடாதீர்கள்.

#10 வாணியம்பாடி_சோல்

5 மி.மீ. சதுரம்னு சொன்னது நல்ல அளவு சார். வெட்டும்போது கத்தரிக்கோல் வேணாம், ஓரம் சாயும். தோல் வெட்டுற கத்தியோ புது பிளேடோ வைச்சு, அடியில் கண்ணாடி போட்டு, ஸ்கேல் பிடிச்சு ஒரே இழுப்பா வெட்டணும். நாலும் ஒரே தடிமன் ஷீட்டுலேர்ந்து எடுக்கணும்.

#11 ராணிப்பேட்டை_லினக்ஸ்

"டிக்" சத்தத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 61 மணி நேரத்தில் 193-வது வரி 4,870 என்றால் மணிக்கு 80 தடவை ஹெட் தன் இடத்துக்குப் போய் ஒதுங்குகிறது. அந்த ஒதுங்கும் சத்தம்தான் "டிக்". கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. மின்சாரம் மிச்சப்படுத்தவும், லேப்டாப் விழுந்தால் ஹெட் தட்டில் மோதாமல் இருக்கவும் டிஸ்கே செய்வது.

லேப்டாப் டிஸ்குகள் பலவற்றுக்கு இந்த எண்ணிக்கை 6 லட்சம் வரை என்று மதிப்பிட்டிருப்பார்கள். மணிக்கு 80 என்றால் 7,500 மணி நேரம். சில டிஸ்குகள் 10 நொடிக்கு ஒருமுறை ஒதுங்கும். அது மணிக்கு 360, ஆறு லட்சம் 1,666 மணியில் தீரும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் ஏழு மாதம். தீர்ந்த அன்றே சாகாது, ஆனால் தேய்மானத்தைத் தெரிந்தே கூட்டுவானேன்.

இதைக் கட்டுப்படுத்துவது ஏபிஎம் என்ற மின்சிக்கன அளவு. 1 முதல் 127 வரை வைத்தால் டிஸ்க் சுழற்சியையே நிறுத்த அனுமதி உண்டு. 128 முதல் 254 வரை சுழற்சி நிற்காது; 254 என்பது அதிகபட்ச வேகம், ஒதுங்குவது மிகக் குறைவு. லினக்ஸில் ஹெச்டிபார்ம் கட்டளையில் பெரிய "பி" போட்டு 254 கொடுங்கள். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவின் மேம்பட்ட வசதிகளிலேயே ஏபிஎம் தள்ளுகோல் இருக்கிறது. ஸ்லீப் போய் எழுந்தால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அதனால் சாஃப்ட்வேரை லேப்டாப்போடு சேர்ந்து எழும்படி வையுங்கள். லினக்ஸில் டிஎல்பி என்ற மின்சிக்கன சாஃப்ட்வேர் போட்டால் சார்ஜரில் 254, பேட்டரியில் 128 என்று அதுவே பிரித்து வைக்கும். அந்தப் பிரிப்பு நல்லது. மேஜையில் ஒதுங்க வேண்டியதில்லை, பஸ்ஸில் மடியில் வைத்து ஓட்டும்போது ஒதுங்கத்தான் வேண்டும்.

எந்த "டிக்"குக்குப் பயப்பட வேண்டும்? ஒரே தாளத்தில் "டக்... டக்... டக்" என்று விடாமல் அடித்து, டிஸ்க் தென்படாமல் போனால், ஹெட் தட்டில் தன் வழியைப் படிக்க முடியாமல் தவிக்கிறது. உடனே பவரை எடுத்துவிடுங்கள். ஓட ஓடத் தட்டு சுரண்டப்படும். தட்டிப் பார்ப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது எதுவும் வேண்டாம்.

இதே "டக் டக்" யூஎஸ்பி பெட்டியில் போட்டு காப்பி எடுக்கும்போது வந்தால் மட்டும் நிதானியுங்கள். 2.5 இன்ச் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 1 ஆம்பியர் பக்கம் இழுக்கும். யூஎஸ்பி 2.0 தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. 5400 ஓடிய பெட்டியில் 7200 எழாமல் அடித்துக்கொள்வது இதனால்தான். இரட்டைத் தலை கேபிளோ தனிப் பவர் உள்ள பெட்டியோ போட்டு மறுபடி பாருங்கள்.

#12 ஆற்காடு_மாணவன்

சார், எனக்கும் இதே மாதிரி ஒரு சந்தேகம். டிவிடி டிரைவை எடுத்துட்டு அந்த இடத்துல டிஸ்கைப் பிடிக்கிற சட்டமான கேடி வைச்சு அதுல ஹார்ட் டிஸ்க், மெயின் இடத்துல எஸ்எஸ்டி. இப்போ வலது பக்கம் "கொர்"னு அதிருது. இரைச்சல் ஏறி இறங்குறது ஸ்டூடியோ அண்ணன் சொன்ன மாதிரியே இருக்கு. என்ன காரணம்?

#13 காட்பாடி_பெஞ்ச்

தம்பி, கேடியில் ரப்பர் எதுவும் கிடையாது. மெல்லிசுத் தகரமோ பிளாஸ்டிக்கோதான், அதுவும் லேப்டாப்பை ஒரே ஸ்க்ரூவுல பிடிச்சிருக்கும். 7200-ஐ அதுல போடுறது சரியான இடம் இல்லை.

கேடி ரெண்டு தடிமன்ல வரும், 12.7, 9.5. பழைய டிவிடி டிரைவை அளந்துட்டு வாங்கணும். 12.7 இடத்துல 9.5 கேடி போட்டா ஆட்டம்தான். சரியான அளவு போட்டும் ஆடினா, கேடியோட அடியில் வெளி ஓரத்தில் ரெண்டு இடத்துல சூடு தாங்குற கப்டான் டேப் ஒட்டி இறுக்கம் குடுங்க. செல்லோடேப் சூட்டுல வழிஞ்சு உள்ளே பிசுபிசுக்கும்.

இடத்தை மாத்தலாமான்னா, ஹார்ட் டிஸ்கை மெயின் இடத்துக்கும் எஸ்எஸ்டியைக் கேடிக்கும் மாத்தினா அதிர்வுக்கு நல்லது, சில லேப்டாப்புல விழும்போது ஹெட்டை ஒதுக்குற பாதுகாப்பு மெயின் இடத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும், அதுவும் சரியாகும். ஆனா சில மாடல்ல டிவிடி வழி வேகம் குறைவு, சிலதுல அந்த வழியா பூட் ஆகாது. பயாஸ்ல பூட் வரிசையில் கேடி டிஸ்க் பேர் வருதான்னு பார்த்துட்டு மாத்துங்க.

#14 பாலாறு_மெக்கானிக்கல்

ஏறி இறங்கும் இரைச்சலுக்கு இருவருக்கும் சேர்த்து. ஏறக்குறைய ஒரே அதிர்வெண் உள்ள இரண்டு ஒலி சேர்ந்தால் அவற்றின் வித்தியாசம் எவ்வளவோ அத்தனை தரம் நொடிக்கு ஏறி இறங்கும். நாலு நொடிக்கு ஒருமுறை என்றால் வித்தியாசம் கால் ஹெர்ட்ஸ். டிஸ்க் ஒன்றுதான் இருக்கிறது, அப்படியானால் இன்னொன்று ஃபேன். ஃபேன் 3600 சுழற்சிக்குப் பக்கத்தில் ஓடும்போது 60 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 120. டிஸ்கோடு உரசுவது அதுதான்.

சோதிக்க எளிய வழி: பெரிய வீடியோவை ரெண்டர் போட்டு ஃபேன் வேகத்தை ஏற்றுங்கள். ஏற்ற இறக்கம் மறைந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஃபேன் இறகில் தூசி ஒரு பக்கம் அப்பியிருந்தால் அதுவும் சமநிலை இழந்து அதிரும். பாலாற்று மணல் பறக்கும் கோடைக்குப் பிறகு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேன் சுழலாமல் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

யூபிஎஸ் மேல் சந்தேகப்படுகிறவர்களுக்கு: நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் முனகுவது 100-ல். 120-உடன் சேர்ந்தால் நொடிக்கு 20 தரம், அது கரகரப்பாகக் கேட்குமே தவிர மெதுவாக ஏறி இறங்காது.

#15 ராணிப்பேட்டை_லினக்ஸ்

பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் கவனிக்க. 2.5 இன்ச் 7200 இப்போது புதிதாக அரிது. கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி கழற்றியவை. 9-வது வரியில் ஓடிய மணி நேரத்தையும் லேபிளில் உள்ள தயாரிப்புத் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். ஆறேழு வருடத்துக்கு முந்தைய தேதி, ஓடியது 10 மணி நேரம் என்றால் எண்ணை யாரோ அழித்திருக்கிறார்கள்.

அதைவிட முக்கியம், ஒரே மாடலில் இரண்டு டிஸ்க் கிடைத்தால் இரண்டையும் ஓடவிட்டு விரல் நுனியால் தொட்டு ஒப்பிடுங்கள். ஒன்று வெளிப்படையாக அதிகம் அதிர்ந்தால் அது கீழே விழுந்ததாக இருக்கலாம். விழுந்த அதிர்ச்சியில் தட்டு ஸ்பிண்டில் மேல் மயிரிழை நகர்ந்துவிடும், அந்தச் சமநிலைப் பிசகு நிரந்தரம். எந்த ரப்பரும் அதைச் சரிசெய்யாது. படிக்கும், எழுதும், பரிசோதனையில் பச்சை காட்டும், ஆனால் வாங்காதீர்கள்.

#16 சத்துவாச்சாரி_எஸ்எஸ்டி

வெளியிலிருந்து வர்ற அதிர்வையும் சேர்த்துக்குங்க. 2022-ல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் எழுதினார்: ஒரு பிரபல பாட்டில் வந்த ஒலி, 5400 சுழற்சி லேப்டாப் டிஸ்க் ஒன்றின் இயல்பதிர்வோடு ஒத்துப்போய், பாட்டு ஓடினாலே லேப்டாப் நின்னுச்சாம். பக்கத்துல இருந்த லேப்டாப்பும் சேர்ந்து நின்னுச்சாம். தயாரிச்சவங்க அந்த அதிர்வெண்ணை வடிகட்டித்தான் தீர்த்தாங்க. சிவிஇ-2022-38392-ன்னு பாதுகாப்புப் பட்டியலிலும் ஏறிச்சு. மண்டபத்துல ஸ்பீக்கர் பெட்டி பக்கத்துல லேப்டாப் வைச்சு மெமரி கார்டு காப்பி எடுக்கிற வீடியோக்காரங்க இதை யோசிக்கணும். ரெண்டு அறை தள்ளி வைங்க, டைனிங் ஹாலா இருந்தாலும் சரி.

#17 குடியாத்தம்_ஸ்டூடியோ

ஃபோம் எடுத்தாச்சு, நாலு காலும் மாற்றியாச்சு, 3 மி.மீ. ஸ்க்ரூ போட்டாச்சு. இரைச்சல் மேஜையில் ஏறக்குறைய இல்லை. கை நடுக்கம் மிச்சமிருந்ததால் 1 மி.மீ. சிலிகானில் நாலு மூலைக்கும் துண்டு வைத்தேன், அதுவும் நன்றாகக் குறைந்தது. வெப்பம் 51-லிருந்து 49. ஏபிஎம் 254.

ஆனால் 199-வது வரி 0-வாக இருந்தது இப்போது 14. நேற்று 9. வேகமும் இடையிடையே தடுமாறுகிறது. டிஸ்க் போகிறதா?

#18 காட்பாடி_பெஞ்ச்

டிஸ்க் போகலை. 199 ஏறுறது டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவுல தகவல் சிதையுதுன்னு அர்த்தம், அதாவது கனெக்டர். உங்க மாடல்ல டிஸ்க் நாடா கேபிளில் தொங்குதா, இல்லை போர்டுல பதிச்ச சாக்கெட்டுல நேரா சொருகுதா? நேரா சொருகுறதுன்னா, ரப்பர் குடுத்ததும் டிஸ்க் ஆட ஆரம்பிச்சு அந்த ஆட்டம் சாக்கெட்டுக்குப் போகுது. நாடா கேபிள் உள்ள லேப்டாப்புல ரப்பர் தாராளமா வைக்கலாம், பதிச்ச சாக்கெட்டுன்னா ஒரு எல்லையோடதான் வைக்கணும்.

இப்படிப் பண்ணுங்க. கனெக்டர் பக்கத்து ரெண்டு மூலைச் சிலிகானை எடுத்துட்டு, அங்க அதே உயரத்துக்கு ஃபைபர் வாஷரோ கெட்டி பிளாஸ்டிக் துண்டோ வைங்க. அந்த முனை அசையக் கூடாது. எதிர் முனை ரெண்டுல சிலிகான் இருக்கட்டும். கொஞ்சம் நடுக்கம் திரும்பும், பொறுத்துக்கணும். டிஸ்க் உயரம் மாறிடாம பாருங்க, சாக்கெட்டுக்கு நேரா இருக்கணும். சாய்ஞ்சு சொருகினாலும் இதே தொல்லைதான். ரெண்டு பக்கத் தங்க முனையையும் ஐசோபுரொபைல் தொட்ட, நூல் பிரியாத துணியால ஒருதரம் துடைச்சு, காய்ஞ்சதும் சொருகுங்க. ரப்பர் அழிப்பான் வைச்சுத் தேய்க்காதீங்க, முலாம் போயிடும்.

199 எண் இறங்காது, பிறந்ததிலேர்ந்து உள்ள மொத்தக் கணக்கு அது. 14-ன்னு எழுதி வைச்சுக்கிட்டு, 20 ஜிபி ஃபைலை டிஸ்குக்குள்ளேயே ஒரு ஃபோல்டர்லேர்ந்து இன்னொண்ணுக்கு காப்பி பண்ணுங்க. நடுவுல கை வைக்கிற இடத்தை வழக்கமா வேலை செய்யுற மாதிரி லேசா அழுத்திப் பாருங்க. முடிஞ்சதும் 14-லயே நின்னா சரி. 15 ஆனாலும் திரும்பத் திறந்து அந்த முனையைப் பாருங்க. எண் நிக்கிற வரைக்கும் கல்யாண ஃபைல் எதையும் இந்த டிஸ்கில் மட்டும் வைக்காதீங்க, பழைய 500 ஜிபியையும் அழிக்காதீங்க.